கடிக்கும் கிளிக்குக் கையுறை வேண்டாம், டி-ஸ்டாண்ட் வாங்குங்கள்

கடிக்கிற கிளி வீட்டுக்கு வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது தோல் கையுறையைத்தான். நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன், 650 ரூபாய். பதினெட்டு நாள் கழித்து 1,400 ரூபாய்க்கு மேசைமேல் வைக்கிற மாதிரி ஒரு டி-ஸ்டாண்ட், அதாவது கிளி உட்கார ஆங்கில T வடிவத்தில் ஒரு தாங்கி, வாங்கினேன். நான் எழுத வந்தது ஸ்டாண்டைப் பற்றித்தான். ஆனால் கையுறை என்ன செய்தது என்று சொல்லாவிட்டால் ஸ்டாண்டின் அருமை புரியாது.

எங்களிடம் வந்தவன் ராஜு, ஒன்பது வயது ஆப்பிரிக்கன் கிரே, சாம்பல் நிறக் கிளி. எங்கள் தெருவில் இருந்த ஒரு சார் குஞ்சிலிருந்து வளர்த்தவர். மனைவி தவறிய பிறகு அவர் பெங்களூரில் மகன் வீட்டோடு போய் இருக்க வேண்டியதாயிற்று, அங்கே ராஜுவுக்கு இடமில்லை. கண் கலங்கித்தான் கூண்டைக் கொடுத்தார். பதிவுத் தாள்களையும் கையோடு வாங்கிக்கொண்டோம். கிரே, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிற பறவை, 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், கைமாறினால் அதையும் அங்கே தெரிவிக்க வேண்டும். இரண்டாம் கையாகக் கிளி எடுப்பவர்கள் இதை முதலில் கேட்டுவிடுங்கள். (நம்ம ஊர் பச்சைக்கிளி என்றால் பேச்சே இல்லை, 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.)

சாரின் தோளில் உட்கார்ந்து "காபி ஆச்சா?" என்று கேட்கிற ராஜுவைத்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கூண்டுக்குள் கைவிட்டேன், ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே கவ்வியவன் விடவே இல்லை. காட்டில் எண்ணெய்ப்பனைக் கொட்டை தின்கிற பறவையின் அலகு அது. ரத்தம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. ஒரு வாரத்தில் என் கணவருக்கு இரண்டு கடி, எனக்கு நான்கு. ஏழாவது படிக்கிற என் மகள் அந்த அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் கையுறையை வரவழைத்தேன். விற்றவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை, எல்லாக் கையுறையும் ஒரே மாதிரிதான். கனமான தோல், முழங்கை வரை நீளம், பல் படாது, அலகும் அவ்வளவு எளிதில் இறங்காது. அந்த மட்டில் சொன்னதைச் செய்தது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு நான் அறைக்குள் நுழைந்ததும் ராஜு போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கிரே பயந்தால் உறுமும், நாய்க்குட்டி உறுமுவது போல அடித்தொண்டையிலிருந்து வரும். கூண்டின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, இறகெல்லாம் உடம்போடு ஒட்டிப்போய், பாதி உருவமாக நின்று உறுமினான். நான் கையுறை இருக்கிற தைரியத்தில் கையை நீட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

கையுறைக்கு முன்னால் ராஜு கடிக்கும் முன்பு எச்சரித்துக்கொண்டிருந்தான், எனக்குத்தான் அது படிக்கத் தெரியவில்லை. மஞ்சள் விழிக்கு நடுவே கருமணி சட்சட்டென்று சுருங்கி விரியும். பிடரி இறகு எழும்பும். வால் விசிறி மாதிரி விரியும். அப்புறம்தான் கடி. கையுறை போட்டுக்கொண்டு அத்தனை எச்சரிக்கையையும் நான் தாண்டிப்போனதால், சொல்லிப் பயனில்லை என்று அவன் கற்றுக்கொண்டான். நாலே நாளில் உறுமலும் நின்றது, பிடரி எழும்புவதும் நின்றது, கை தெரிந்தால் நேராகக் கடிதான். கையுறை இல்லாத கணவரின் கையிலும் அதே மாதிரி, முன்னறிவிப்பே இல்லாமல், எலும்பு வரை.

அன்று இரவு சாருக்குப் போன் செய்தேன். கடிக்கிறான் என்று சொல்லச் சங்கடமாக இருந்தது, ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று. "ஏம்மா, கிளவுஸா போட்டீங்க? றெக்கை வெட்ட வர்றவன் கிளவுஸ் மாட்டிட்டுத்தான் பிடிப்பான். ராஜுவுக்கு அதைக் கண்டாலே ஆகாதும்மா. நான் கையே கொடுக்க மாட்டேன், 'வரட்டுமா'ன்னு கேட்டுட்டு ஒரு குச்சியைத்தான் நீட்டுவேன்." ஒன்பது வருடம் கூட இருந்தவரிடம் முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். தீனி, தூங்கும் நேரம் எல்லாம் கேட்டு எழுதி வைத்திருந்தேன், எதற்குப் பயப்படுவான் என்று மட்டும் கேட்கவில்லை.

பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடமும் காட்டினோம். வலி, நோய் இருந்தாலும் கிளி கடிக்கும், அதைத் தள்ளிவிட்டுத்தான் பழக்கத்துக்கே வர வேண்டும். உடம்பு நன்றாக இருந்தது, எடை 430 கிராம். கூண்டுக்கு வெளியே, அவனுக்குச் சொந்தமில்லாத, ஆனால் பயமும் இல்லாத ஒரு இடத்தை ஏற்படுத்துங்கள் என்றார் மருத்துவர். கூண்டு அவன் வீடு, அதற்குள் வருகிற கையை விரட்டுவது அவனுக்கு நியாயம். இப்படித்தான் ஸ்டாண்ட் வாங்கச் சென்னை கொளத்தூர் செல்லப்பிராணிச் சந்தைக்குப் போனேன்.

இனி ஸ்டாண்ட். ஒன்றரை அடி உயரம், அடியில் தட்டு, நடுவில் ஒரு கால், மேலே குறுக்கே கொய்யாக் கட்டை. ஒரு முனையில் சின்ன எஃகுக் கிண்ணம். அவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கொய்யாக் கட்டை. கடையில் உருட்டி வழுவழுவென்று செய்த கட்டை போட்ட ஸ்டாண்டும் இருந்தது, இதைவிட 300 ரூபாய் குறைவு, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்றால் நாள் முழுக்கப் பாதத்தின் ஒரே இடத்தில்தான் அழுத்தம் விழும், புண் வரும். கொய்யாவில் கணு இருக்கும், ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும், பாதம் மாற்றி மாற்றிப் பிடிக்கும். பட்டையைக் கொத்தித் தின்றாலும் கெடுதல் இல்லை. ராஜு முதல் வாரத்திலேயே கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையை உரித்துவிட்டான், அந்த நேரமெல்லாம் அவன் கவனம் என் விரலில் இல்லை.

வாங்கி வந்ததும் அதில் அவனை ஏற்றப் பார்க்காதீர்கள். ஐந்து நாள் கூண்டுக்கு நாலடி தள்ளி சும்மா வைத்திருந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கூண்டுக் கதவு திறந்தால் அந்தக் கட்டை வாசற்படி போல ஒட்டி நிற்கும்படி வைத்தேன். கிண்ணத்தில் நாலு சூரியகாந்தி விதை. அன்றாடத் தீனியிலிருந்து சூரியகாந்தியை முழுக்க எடுத்துவிட்டேன், அது ஸ்டாண்டில் மட்டும்தான் கிடைக்கும். மூன்றாம் நாள் மத்தியானம், நான் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தபோது, விதை உடைக்கிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை. அப்படியே மடித்துக்கொண்டே இருந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்புறம் டார்கெட் பயிற்சி. சைனீஸ் சாப்பாட்டோடு வந்த ஒரு சாப்ஸ்டிக், ஒரு கிளிக்கர் (அழுத்தினால் 'கிளிக்' என்று சத்தம் போடுகிற சின்னக் கருவி), இரண்டுதான் தேவை. குச்சியின் நுனியை அவன் அலகால் தொட்டால் உடனே கிளிக், கிளிக்கோடு ஒரு விதை. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து, காலையும் மாலையும் தீனிக்கு முன்னால். அவனுக்குச் சலிக்கும் முன் நான் நிறுத்திவிடுவேன். கருமணி துடித்தாலோ பிடரி எழுந்தாலோ இரண்டடி பின்னால் போய்விடுவேன். கடிக்காமலே சொன்னாலும் கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், கையுறை அழித்த அந்தப் பேச்சைத் திரும்பக் கொண்டுவர இது ஒன்றுதான் வழி. இரண்டு வாரத்தில் உறுமல் திரும்பி வந்தது. கிளி உறுமியதற்காகச் சந்தோஷப்பட்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

கைக்கு வருவதற்கு நாற்பது நாள் ஆனது. முதலில் ஒரு குச்சி, சார் சொன்ன மாதிரி "வரட்டுமா" கேட்டுவிட்டு. பிறகு குச்சியை என் முன்கையோடு சேர்த்துப் பிடித்து, பிறகு குச்சி இல்லாமல். இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கிளி ஏறும் முன் அலகை நீட்டி நம் கையைத் தொட்டுப் பார்க்கும், அலகு அதற்கு மூன்றாவது கால் மாதிரி, இடம் உறுதியா என்று பார்க்கிறது. அதைக் கடி என்று நினைத்துக் கையை விசுக்கென்று இழுத்தால், இந்தக் கை ஆடும், நம்ப முடியாது என்று அதற்குப் பதிந்துவிடும். அடுத்த தடவை நிஜமாகவே கடிக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் வைத்திருங்கள். கடித்தே விட்டால் கத்தாதீர்கள், அலகில் சுண்டாதீர்கள், முகத்தில் ஊதாதீர்கள், பக்கத்தில் இருக்கிற ஸ்டாண்டில் அமைதியாக இறக்கிவிட்டு, போய் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இறக்கிவிட ஒரு இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கடி வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டாண்டில் இன்னொரு வசதி, நான் எதிர்பார்க்காதது. மொத்தமும் இரண்டு கிலோவுக்குள்தான், சமையலறைத் தராசில் ஸ்டாண்டை வைத்துப் பூஜ்யம் அழுத்திவிட்டு ராஜுவை ஏறச் சொன்னால் எடை தெரிந்துவிடும். தினம் காலையில் எழுதி வைக்கிறேன். விதையைப் பரிசாகக் கொடுக்கும்போது எடை ஏறுகிறதா, பயத்தில் தீனி குறைந்து இறங்குகிறதா என்று பார்க்க வேறு வழியில்லை, பறவை நோயை வெளியே காட்டாது.

குறைகளும் உண்டு. கீழ்த்தட்டு ரொம்பச் சின்னது, வால் நீட்டிக்கொண்டிருக்கிற பக்கம் எச்சம் நேராக மேசையில்தான் விழுகிறது, நான் பழைய செய்தித்தாள் விரிக்கிறேன். கட்டையைக் காலோடு இணைக்கிற திருகு மூன்றாம் வாரம் தளர்ந்து, அவன் ஏறும்போது கட்டை லேசாகச் சுழன்றது. நல்லவேளை விழவில்லை, ஆனால் அன்று முழுக்க ஸ்டாண்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாரம் ஒரு முறை திருகை முடுக்கிவிடுங்கள். கட்டையில் பருத்திக் கயிறு சுற்றித் தருகிற மாடலும் இருக்கிறது, அது வேண்டாம், இழை பிரிந்தால் விழுங்கிவிடும், விரலிலும் சுற்றிக்கொள்ளும். கிண்ணம் எஃகுதானா என்று கேட்டு வாங்குங்கள், துத்தநாகம் பூசியது கிளிக்கு விஷம்.

இப்போதும் ராஜு கடிப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் தூக்கம் வந்தால் யாரையும் அண்ட விட மாட்டான், நாங்களும் போவதில்லை, பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுக்கிறோம். கிண்ணம் மாற்ற இன்றும் அவனை ஸ்டாண்டுக்கு வரவழைத்துவிட்டுத்தான் கூண்டுக்குள் கைவிடுகிறேன். தோலைக் கிழிக்கிற கடி மட்டும் இரண்டு மாதமாக இல்லை.

ஹாலுக்கும் ஒன்று சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை தட்டை நாலு அங்குலம் அகலமாக அடித்துத் தரக் கேட்டிருக்கிறேன், அதற்கு 200 ரூபாய் கூடுதல். அது மகளுக்காக. நேற்று அவளே அறைக்குள் வந்து, கூண்டிலிருந்து மூன்றடி தள்ளி நின்று, "வரட்டுமா?" என்று கேட்டாள். ராஜு தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சாரின் குரலில், "காபி ஆச்சா?" என்றான்.