நாண் இலவசம், சோற்றுக்குக் காசு: நிஷி-கசாய் நேபாளிக் கடை அனுபவம்

டோக்கியோவுக்கு மாற்றலாகி வரப்போகும் நண்பன் வாட்ஸாப்பில் கேட்டிருந்தான்: "நிஷி-கசாய்ல சாப்பாட்டுக்கு என்னடா பண்றீங்க? ஸ்டேஷன் பக்கத்துல ஒரு நேபாளிக் கடைன்னு சொல்வியே, எப்படி?" ஒரு வரியில் அடங்குகிற பதில் இல்லை. போதாக்குறைக்குப் போன வாரம்தான் மதிய செட்டை 850 யென்னிலிருந்து 1,050 ஆக்கியிருக்கிறார்கள். அந்தச் சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

ஜப்பானில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இந்த வகைக் கடையை விவரிக்க வேண்டியதில்லை. வாசலில் இந்தியக் கொடியும் நேபாளக் கொடியும் சேர்ந்து தொங்கும். உள்ளே டிவியில் இந்திப் பாட்டு. முட்டைக்கோஸ் சாலட் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாஸ். பெயர் என்னவோ இந்திய உணவகம். நடத்துபவரும் சமைப்பவரும் நேபாளிகள், அதிலும் பலர் பாக்லுங் மாவட்டத்துக்காரர்கள். சுத்தம், வேகம், உபசரிப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. மழை நாளில் குடையை வாங்கி வைப்பதிலிருந்து, கடைசியில் பில்லோடு ஒரு மிட்டாய் கொடுப்பது வரை எல்லாம் ஒழுங்கு.

எனக்கு ஆகாதது அந்த நாண்தான்.

தட்டில் அடங்காமல் பாதி வெளியே தொங்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த மாவு, மேலே பளபளவென்று வெண்ணெய். முதல் இரண்டு வாய் அமிர்தம்தான், இல்லையென்று சொன்னால் பொய். மூன்றாவது வாயில் இது சாப்பாடா பேக்கரிப் பண்டமா என்று சந்தேகம் வந்துவிடும். தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் பட்டர் சிக்கனும் இனிப்பு. காரத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கிறார்கள். ஐந்து என்று கேட்டாலும் குழம்பு அதேதான், இறக்கும்போது மிளகாய்த்தூளை அள்ளிப்போட்டுக் கலக்கிக் கொடுப்பார்கள். முதலில் நாக்கு எரியும், அதற்குப் பின்னால் இனிக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை, நாண் எத்தனை வேண்டுமானாலும் இலவசம். பாதி தின்றுகொண்டிருக்கும்போதே "தம்பி, இன்னொண்ணு போடவா?" என்று வந்துவிடுவார் முதலாளி. வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆனால் சோறு இன்னொரு கரண்டி கேட்டால் 150 யென். முன்பெல்லாம் அதுவும் இலவசமாகத்தான் இருந்தது. 2024 கோடையில் சூப்பர் மார்க்கெட் அலமாரிகளில் அரிசி காணாமல் போனதும், 2025-ல் 5 கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியதும் எனக்கும் தெரியும். நியாயம் அவர் பக்கம்தான். இருந்தாலும் சோற்றுக்குக் காசு எண்ணிக் கொடுக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

இவ்வளவு புலம்புகிறவன் ஏன் இன்னும் போகிறான் என்று கேட்கலாம். மதியக் கூட்டம் கலைந்தபின் ஒருநாள் தாமதமாகப் போனேன். ஓரத்து மேசையில் கடைக்காரர்கள் தாங்களே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நாண் இல்லை. குவித்த சோறு, இரும்புச் சட்டியில் தோலோடு வேகவைத்த கறுப்பு உளுந்துப் பருப்பு, கடுகுக்கீரைப் பொரியல், முள்ளங்கி ஊறுகாய். நான் வாய் பார்ப்பதைக் கண்டு எனக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டார் சமையல்காரர்.

உளுந்தை இட்லிக்கும் வடைக்கும்தான் தெரியும் நமக்கு. சோற்றில் பிசைந்து தின்னும் பருப்பாக நான் அறிந்ததில்லை. நெய்யில் ஜிம்பு தாளித்திருந்தார். மஸ்தாங் பக்கத்து மலைகளில் விளையும் வெங்காய இனத்துத் தழையாம், காயவைத்தது. பூண்டுக்கும் பெருங்காயத்துக்கும் நடுவில் ஒரு வாசம். தக்காளித் தொக்கில் திமுர் போட்டிருந்தார். மிளகு மாதிரி இருக்கும், உறைப்பு கம்மி, ஆனால் நாக்கு நுனி விறுவிறுவென்று மரத்துப்போகும். ஜப்பானியர் மிளகுபோலத் தூவிக்கொள்ளும் சன்ஷோவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இப்போது வீட்டில் தக்காளித் துவையலில் ஒரு சிட்டிகை சன்ஷோ போட்டு அரைக்கிறேன். மனைவிக்குப் பிடிக்கவில்லை. கீரையைப் புளிக்கவைத்துக் காயவைக்கும் குந்த்ருக் என்று ஒன்று உண்டு, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

"இதையே மதியம் போடுங்களேன்" என்று முதலாளியிடம் என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்த ஒரே மசாலாவைக் காலையில் கொதிக்கவைத்துவிட்டால், அதையே கீமா, சிக்கன், கீரை என்று ஓர் ஆளே ஐந்து வகையாக மாற்றிவிடலாம். தால் பாத், அதாவது நான் தின்ற அந்தப் பருப்புச் சோற்றுத் தட்டு என்றால், சோறு, பருப்பு, பொரியல், ஊறுகாய், தொக்கு என்று ஐந்தும் தனித்தனிச் சமையல், மிஞ்சினால் நஷ்டம். வாசல் பலகையில் நாண் படம் இல்லாவிட்டால் ஜப்பானியர் உள்ளேயே வரமாட்டார்களாம். டோக்கியோவிலேயே ஷின்-ஓகுபோ பக்கம் நேபாளிகளே வந்து சாப்பிடுகிறார்கள், அங்கே ஓடும். இங்கே ஓடாது என்றார். அவருக்கு வேறு கவலையும் இருக்கிறது. கடை வைப்பவர்களுக்கான விசாவுக்கு முதலீடு 50 லட்சம் யென் காட்டினால் போதும் என்றிருந்ததை, 2025 அக்டோபரில் 3 கோடியாக்கிவிட்டார்கள். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம். அதைச் சொல்லிக்கொண்டே அடுத்த மேசைக்கு நாண் எடுத்துப்போனார்.

இதெல்லாம் புரிகிறது. புரிந்தும், 1,050 யென் கொடுத்துவிட்டு இனிப்பு ரொட்டியை மென்றபடி, அடுப்படியிலிருந்து வரும் ஜிம்பு தாளிப்பை வெறுமனே மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை. அவ்வளவு கைப்பக்குவம் உள்ள ஒருவரை நாள் முழுக்க நாண் தட்டவைத்திருக்கிறார்களே என்றுதான் கோபமெல்லாம்.

ஆகவே நண்பா, மதியத்துக்கு அந்தக் கடை வேண்டாம். காலையில் குக்கர் வைத்து ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போ. சனிக்கிழமை ராத்திரி நானே கூட்டிப்போகிறேன். தால் பாத் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், அதனால் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் சொல்லிவிடு. உன் பையனுக்கு மட்டும் நாண் சொல்லிக்கொள்ளலாம், சின்னப்பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.