ஓ-ரிங் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படிக்கவும்: எனக்குப் போனது 23,600 ரூபாய்

ஓ-ரிங் என்பது கசிவு வராமல் இணைப்பில் மாட்டுகிற ரப்பர் வளையம். அதை ஒரு ஆன்லைன் தளம் வழியாக வாங்கி ஏமாந்து, தளத்துக்காரர்களிடம் புகார் கொடுத்திருந்தேன். இன்று காலை பதினொன்றரைக்கு என் புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? என் 23,600 ரூபாய்தான் தீர்ந்தது.

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங் மெஷின்களின் பம்ப் சர்வீஸ் செய்கிறவன். சின்ன ஒர்க்ஷாப், நானும் இரண்டு பையன்களும். தீபாவளி லீவில் மெஷின்கள் நிற்கும்போதுதான் எங்களுக்கு மூச்சு விட முடியாத வேலை. பம்ப்பைப் பிரிப்பது, மெக்கானிக்கல் சீல் பார்ப்பது, கேசிங்கில், அதாவது பம்ப்பின் வெளிக்கூட்டில், ஓ-ரிங் மாற்றுவது. இந்த முறை நான்கு டையிங் யூனிட் ஒப்புக்கொண்டிருந்தேன். 120 மி.மீ. உள்விட்டம், 5 மி.மீ. தடிமன் வளையம் நிறைய வேண்டியிருந்தது. வழக்கமாக வாங்கும் உள்ளூர் கடையில் அந்த அளவில் ஈபிடிஎம் என்கிற ரப்பர் வகை ஸ்டாக் இல்லை, பத்து நாள் ஆகும் என்றார்கள். அங்கேதான் என் கெட்ட நேரம் ஆரம்பித்தது.

தொழிற்சாலைச் சாமான் விற்கிறவர்களைத் தேடிக் காட்டும் ஒரு தளம். பெயர் சொல்லவில்லை, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ‘ஓ-ரிங்’ என்று தேடிய ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர் மட்டும் தமிழில் பேசினார். “சொல்லுங்கண்ணா, எந்த மெஷினுக்கு?” என்றுதான் ஆரம்பித்தார், விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதில்தான் நான் விழுந்தேன். மற்றவர்கள் எல்லாம் எத்தனை பீஸ், எத்தனை பீஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, மெஷினைப் பற்றிக் கேட்கிற ஆள் விவரம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டேன்.

பாலியஸ்டர் ஓடுகிற மெஷின், 130 டிகிரி வரை போகும், பெராக்சைடு க்யூர் (பெராக்சைடு சேர்த்துப் பதப்படுத்திய) ஈபிடிஎம் வேண்டும் என்று நான் தெளிவாகவே சொன்னேன். அவர் சிரித்தார். “ஈபிடிஎம் எல்லாம் எதுக்குண்ணா? வைட்டான் போடுங்க. 200 டிகிரி தாங்கும். நாசா ராக்கெட்டுல போடுற ரப்பர்.”

எனக்குத் தெரியும். தெரிந்தே ஏமாந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல். வைட்டான் 200 டிகிரி தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அது உலர்ந்த சூட்டிலும் எண்ணெயிலும். நீராவியும் காஸ்டிக் சோடாவும் சாதாரண வைட்டானுக்கு ஆகாது. பாலியஸ்டர் சாயம் ஏற்றும்போது அசிட்டிக் அமிலத் தண்ணீர், ஏற்றி முடித்ததும் ரிடக்‌ஷன் கிளியரிங்குக்கு, அதாவது ஒட்டாமல் நிற்கிற சாயத்தை நீக்க, காஸ்டிக்கும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனமும். அந்த இடத்தில் ஈபிடிஎம்தான் நிற்கும். அதே ஈபிடிஎம்மில் சாதாரண கிரீஸ் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். ஒருமுறை பையன் ஒருவன் வளையம் வழுக்கி உட்காரட்டும் என்று பேரிங் கிரீஸைத் தடவி மாட்டிவிட்டான். அடுத்த முறை பிரித்தபோது வளையம் அது உட்காரும் பள்ளமான காடிக்குள் அடங்காமல் புடைத்துக்கொண்டு நின்றது. நைட்ரைல் ரப்பருக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளும், 100 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் வைத்தால் இறுகிப்போகும். சிலிக்கான் சூடும் தாங்கும் குளிரும் தாங்கும், நகம் பட்டால் கிழியும். டெஃப்லான் எந்த கெமிக்கலுக்கும் அசையாது, ஆனால் அதற்கு ரப்பர் மாதிரி திரும்பி எழுகிற குணம் கிடையாது, அழுத்தினால் அப்படியே படிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஆகிற வளையம் என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது. இருபது வருடமாகப் பையன்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஆள் “அண்ணா” என்றதும் எனக்கே மறந்துவிட்டது.

அந்த நாசா கதையையும் நேற்று என் மகன் தேடிப் பார்த்துச் சொன்னான். 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியதே, அதற்குக் காரணமே பூஸ்டர் இணைப்பில் இருந்த ஓ-ரிங்தானாம். அதுவும் வைட்டான் வகைதான். முந்தின ராத்திரி உறைபனிக் குளிர், ரப்பர் விறைத்துப்போய் இடைவெளியை அடைக்க முடியவில்லை. விசாரணையில் ரிச்சர்ட் ஃபைன்மன் என்ற விஞ்ஞானி அந்த ரப்பர்த் துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து எல்லோர் முன்னாலும் காட்டினாராம். இதைச் சொல்லித்தான் என்னிடம் சரக்கை விற்றிருக்கிறான் அந்தப் புண்ணியவான்!

சரி, அப்போதும் நான் உடனே பணம் போடவில்லை. சாம்பிள் கேட்டேன். மூன்றாம் நாள் கூரியரில் இரண்டு வளையம் வந்தது, காசு வாங்கவில்லை. பிரவுன் நிறம், கையில் கனமாக இருந்தது. கூடவே மைக்ரோமீட்டரில் தடிமன் அளக்கிற வீடியோ, ஏதோ டெஸ்ட் சர்ட்டிபிகேட் போட்டோ. இவ்வளவு செய்கிறவன் ஏமாற்றவா போகிறான் என்று நினைத்தேன். 50 வளையம், ஒன்று 400 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 23,600 ரூபாய். முழுப்பணமும் முன்கூட்டியே யுபிஐயில். அதில் வந்த பெயர் கம்பெனி பெயராக இல்லை. கேட்டேன். “அது நம்ம அக்கவுண்டன்ட் நம்பர்ண்ணா, பில் சரக்கோட வரும்” என்றார். பில் இன்று வரை வரவில்லை.

பார்சல் வந்தது. அதே பிரவுன், அதே அளவு. லீவு முடிய நான்கு நாள்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 50 இருந்தது, மாட்ட ஆரம்பித்துவிட்டோம். 14 வளையம் மாட்டினோம்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு யூனிட்டிலிருந்து போன். 250 கிலோ பாலியஸ்டர், நேவி ப்ளூ, 130 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது பம்ப் கேசிங்கில் பீய்ச்சி அடித்திருக்கிறது. ஆபரேட்டர் பையன் சட்டென்று ஸ்டீமை நிறுத்தியதால் யாருக்கும் சூடு படவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. 80 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து பிரித்தோம். உருண்டையாக இருக்க வேண்டிய வளையம் ஒரு பக்கம் தட்டையாகி, பிளாஸ்டிக் மாதிரி விறைத்துக் கிடந்தது. வளைத்துப் பார்த்தேன், பொடிப்பொடியாக வெடிப்பு விட்டது. அந்த லாட் துணியின் நிறம் திட்டுத்திட்டாகிவிட்டது. அதற்கு என் பில்லில் பிடித்தது தனிக் கணக்கு.

காலையில் நகைக்கடைத் தராசில் கொண்டுபோய் வைத்தேன். சாம்பிள் வளையம் 14 கிராமுக்கு மேல். பார்சலில் வந்த புது வளையம் ஒன்பதரை கிராம். அளவு ஒன்றே! வைட்டான் கனமான ரப்பர், நைட்ரைலைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை. சாம்பிளுக்கு அசல், சரக்குக்கு பிரவுன் சாயம் போட்ட நைட்ரைல். என்னிடம் இருந்த சாம்பிளை முதல் நாளே எடை போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

போன் செய்தேன். முதல் நாள், “காடி அளவு தப்பா இருக்கும்ண்ணா, செக் பண்ணுங்க.” இரண்டாம் நாள், “என்ன கெமிக்கல்னு நீங்க சொல்லவே இல்லையே சார்.” அண்ணன் அதற்குள் சார் ஆகிவிட்டேன். மூன்றாம் நாள், லேப் ரிப்போர்ட் எடுத்து அனுப்பு என்றார். எடைக்கு வைத்த போட்டோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நான்காம் நாள் வேறு ஒரு குரல் எடுத்து, “கம்பெனிக்கு வாங்கினா கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது, போய்ப் போட்டுக்கோங்க” என்றது. அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

தளத்துக்காரர்களிடம் போனேன். வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் வேலை, பணம் எங்கள் வழியாக வரவில்லை, டெலிவரி ஆகி 7 நாள் தாண்டிவிட்டது. மூன்று முறை மூன்று பேர் ஒரே வாசகத்தைப் படித்தார்கள். அந்த விற்பனையாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை முத்திரை போட்டிருக்கிறீர்களே, எதைச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். “உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம் சார்.” இன்று காலை மூடியே விட்டார்கள். அந்த முத்திரை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கேஸ் நிற்காது என்பதும் முழு உண்மை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிகத்துக்கு வாங்கினால் சேராது என்று இருக்கிறது, ஆனால் சுயதொழில் செய்து பிழைக்கிறவன் அதற்காகவே வாங்கினால் சேரும். என் ஒர்க்ஷாப் அதில் வருமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். 23,600 ரூபாய்க்கு எத்தனை நாள் அலைவது என்பது அடுத்த கேள்வி.

எழுதுகிறேன் என்று சொன்ன விஷயங்கள். நிறத்தை நம்பாதீர்கள், பிரவுனும் பச்சையும் வெறும் சாயம். சாம்பிளையும் சரக்கையும் ஒரே தராசில் வையுங்கள். கவரில் எந்த ரப்பர், எந்த வருடம் எந்தக் காலாண்டில் க்யூர் செய்தது என்று அச்சடித்திருக்க வேண்டும், எனக்கு வந்தது வெறும் பாலிதீன் கவர். கொளுத்திப் பார்த்தால் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அசல் வைட்டான் எரிந்தால் வருகிற புகை நுரையீரலை அரித்துவிடும். பில்லில் இருக்கும் பெயரும் பணம் போகும் பெயரும் வேறாக இருந்தால் அனுப்பாதீர்கள். இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

உள்ளூர் கடையில் ஈபிடிஎம் வந்துவிட்டதாம், ஆறு மணிக்குள் போக வேண்டும். 14-இல் 11 கழற்றியாகிவிட்டது. மூன்று மெஷினில் இன்னும் அந்த வளையம்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓடுகிற லாட் இறங்கினால்தான் பம்ப்பைத் தொட விடுவார்கள்.