விறகடுப்புச் சுவரில் படிந்த கரி: ஆசிடா, சோடாவா, மண் பற்றா?

ஆற்காடு, வாலாஜா, குடியாத்தம் பக்கத்துப் பழைய வீடுகளில் விறகடுப்புக்குப் பின்னால் பூச்சில்லாத செங்கல் சுவரை இன்னும் பார்க்கலாம். வீட்டைப் புதுப்பிப்பவர்கள் இப்போது அந்தச் செங்கல்லை அப்படியே தெரிய விட விரும்புகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கரியை எடுக்க ஆள் கூப்பிட்டால் முதலில் உள்ளே வருவது ஆசிட் பாட்டில்தான். அதை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

பித்தளைக் குடத்தைப் புளி பளபளப்பாக்குகிறதே, சுவருக்கும் புளிப்பு வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். பித்தளையை மங்கவைப்பது உலோக ஆக்சைடு. அதைப் புளி கரைக்கும். அடுப்புக்கரி அப்படியில்லை. அது கார்பன், கூடவே விறகுப் புகையின் தார்ப் பிசுக்கு. சுவர் கழுவும் எந்த ஆசிடும் கார்பனைக் கரைக்காது. அது கரைப்பது செங்கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புக் காரையை. ஆசிட் ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கும். "அழுக்கு எப்படிப் பொங்கி வருது பாருங்க சார்" என்பார்கள். பொங்குவது அழுக்கல்ல, உங்கள் காரை. போதாததற்குச் செங்கல்லில் உள்ள இரும்புச்சத்து கரைந்து மஞ்சள் கறையாகவும் நிற்கும். அதோடு பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. வினிகர், எலுமிச்சையும் இதே வகைதான், வேகம் மட்டும் குறைவு.

கம்பி பிரஷும் கார் கழுவும் வாட்டர் கன்னும் வேறு விதத்தில் கெடுதல். சூளையில் வெந்த செங்கல்லின் மேல்தோல்தான் கெட்டி. அது போய்விட்டால் உள்ளே இருப்பது பொடியாக உதிரும்.

எந்த முறையானாலும் முதல் வேலை ஈரமில்லாமல் நடக்க வேண்டும். தண்ணீர் பட்டால் கரி செங்கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். தேங்காய் நார் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டித் தேய்த்து, வேக்குவம் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். பாதிக் கரி இதிலேயே போய்விடும். என்95 மாஸ்க் கட்டாயம். லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1775-லேயே எழுதிவிட்டார்.

அப்புறம்தான் சோடா. ஆப்ப சோடாவையும் பாத்திரம் கழுவும் லிக்விடையும் குழைத்துப் பூசுவது மிதமான வழி. வீட்டு அடுப்புக்குப் பெரும்பாலும் இதுவே போதும். வாஷிங் சோடாவுக்குக் காரம் பல மடங்கு அதிகம், பிசுக்கைச் சோப்பாக்கிக் கரைத்துவிடும். ஆம்பூர் பக்கத்து பிரியாணிக் கடை அடுப்பு மாதிரி எண்ணெய் ஆவியும் சேர்ந்து படிந்த சுவருக்கு அது வேண்டியிருக்கும், கையுறையோடு. அதன் குறை வேறு: சரியாகக் கழுவாவிட்டால் பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுத்து வையுங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீர் லேசான கரிக்குச் சரி, தாருக்கு முன்னால் நிற்காது.

என் ஓட்டு மண் பற்றுக்கு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் முல்தானி மட்டியைச் சுடுதண்ணீரிலும் கொஞ்சம் லிக்விடிலும் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, சுவரை லேசாக நனைத்துவிட்டு அரை விரல் கனத்துக்கு அப்ப வேண்டும். சோப்பு பிசுக்கை இளக்கும்; பற்று காயும்போது இளகியதைத் துளையிலிருந்து வெளியே இழுக்கும். இதில் வேலூர் வெயில் ஒரு தொல்லை. சித்திரை, வைகாசியில் பற்று சீக்கிரமே வறண்டு, இளக்க வேண்டிய வேலை நடக்காமலேயே வெடித்து விழும். ஒரு ராத்திரி பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, காலையில் திறந்து காயவிடுங்கள். காய்ந்த ஏட்டை மரக்கரண்டியால் நெம்பினால் பின்பக்கம் பழுப்பாக வரும். அந்தப் பழுப்பு குறையும்வரை திரும்பப் பூசலாம். நேரம் பிடிக்கும், ஆனால் காரைக்கு ஒன்றும் ஆகாது.

இதெல்லாம் வேண்டாம், வெள்ளையடித்துவிடலாம் என்றால், தாரை எடுக்காமல் அடித்த சுண்ணாம்பில் பழுப்புத் திட்டு மறுபடி ஊறி வரும்.

அடுப்பு வாய்க்கு நேர் மேலே உள்ள சில செங்கற்கள் எதற்கும் மசியாது. அவற்றை அப்படியே விடுங்கள். அதே அடுப்பில் இன்னும் சமைப்பதானால் நன்றாகக் காய்ந்த வேலிக்காத்தான் விறகாகப் பார்த்து எரியுங்கள். ஈர விறகுதான் தாரைக் கக்கும். சுத்தம் செய்த பிறகு பளபளப்புக்காக, துளைகளை அடைக்கும் சீலர் பூச்சை அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். சுண்ணாம்புக் காரைச் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் போனால், உப்பு உள்ளேயே சேர்ந்து செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடும்.