யூக்கானா, தெற்கு நஹானியா?

கனடாவின் வடக்கே துடுப்புப் படகில் போக நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆறுகளில்தான் தடுமாறுவார்கள்.

போய்ச் சேர:
யூக்கான்: வைட்ஹார்ஸ் ஊர்க்கரையிலேயே படகை இறக்கலாம். டாசன் ஊர் வரை சுமார் 700 கி.மீ.
நஹானி: சாலை கிடையாது, மிதவை விமானம்தான். செலவு எகிறுவது அதில்தான்.

தண்ணீர்:
யூக்கான்: வேகம் உண்டு, முரட்டுத்தனம் குறைவு. பயப்பட வேண்டியது 50 கி.மீ. நீள லபார்ஜ் ஏரிக்கு. காற்று கிளம்பினால் அலை படகைக் கவிழ்த்துவிடும். கரையை ஒட்டியே போங்கள். ஃபைவ் ஃபிங்கர் பாறைகள் ஆற்றைப் பிரிக்கும் இடத்தில் வலது கிளையில் போங்கள். வைட் ஆறு கலந்தபின் வண்டல் படகின் அடியில் உரசி ‘உஸ்ஸ்’ என்று கேட்கும். அந்த நீரைச் சட்டென வடிகட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாளியில் இரவு முழுக்கத் தெளியவிடுங்கள்.
நஹானி: நயாகராவைப் போல் இரு மடங்கு உயர வர்ஜீனியா அருவி. படகையும் மூட்டையையும் ஒரு கி.மீ.க்கு மேல் சுமக்கணும். அதன்கீழ் நீர்ச்சுழல்களும் செங்குத்துப் பள்ளத்தாக்கும்.

உயிர்கள்:
யூக்கான்: பெரிங் கடலிலிருந்து சுமார் 3,000 கி.மீ. எதிர்நீச்சல் போட்டு வரும் சினூக் சால்மன் மீன்.
நஹானி: பாறைச் சரிவுகளில் வெள்ளை டால் ஆடுகள். அருவியைத் தாண்டி மீன் ஏறாது.
கரடி இரண்டிலும் உண்டு.

முதல் பயணமா, யூக்கான். நுரைத்துப் பாயும் வேகநீரில் படகைத் திருப்பத் தெரிந்தவருக்கு நஹானி. தெரியாவிட்டால் வழிகாட்டி இல்லாமல் வேண்டாம்.