லைன் வேகமாக இருந்தும் மவுஸ் ஏன் இழுக்கிறது? ஆர்டிபி, விஎன்சி, பிசிஓஐபி, பிளாஸ்ட்

வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டாச்சு, ஆனாலும் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் டெஸ்க்டாப்பைத் திறந்து ஒரு எழுத்தைத் தட்டினால் அது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரையில் வருகிறது. இப்படிப் புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது: பிங் (ஒரு தகவல் அங்கே போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவு? தட்டிய எழுத்து தூரத்து மெஷினுக்குப் போய், அங்கே திரையில் விழுந்து, படமாகத் திரும்பி வர வேண்டும். போய்வர 250 மில்லிசெகண்ட் என்றால் எந்த புரோட்டோகாலும் (தூரத்துத் திரையை இங்கே கொண்டுவரும் முறை, தலைப்பில் உள்ள நான்கும் அதுதான்) அதைக் குறைக்காது. மேற்கொண்டு கெடுக்காமல் இருப்பது எது என்பதுதான் போட்டி.

விஎன்சி இருப்பதிலேயே எளிமையானது. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்தது. திரையில் மாறிய பகுதியின் பிக்சல்களை அனுப்பும், அதுவும் அடிப்படை வடிவில் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டால்தான் அனுப்பும், அதனால் பிங் கூடக்கூட படம் தத்தித் தத்தி வரும். பழைய பாஸ்வேர்டு முறையில் முதல் 8 எழுத்துக்குத்தான் மதிப்பு. எஸ்எஸ்எச் டனல் (பூட்டிய பாதை) வழியாக ஒரு ராஸ்பெர்ரி பை குட்டிக் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போதும், தினமும் எட்டு மணி நேர வேலைக்கு வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி 1998-ல் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வரோடு வந்தது. "இங்கே ஒரு பெட்டி வரை, அங்கே இந்த எழுத்தை வை" என்று கட்டளையாக அனுப்பும் என்பதால் மோடம் காலத்திலேயே ஓடியது. இன்றைய ஆப்கள் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வழியாக வரைவதால் இப்போது அதுவும் பெரும்பாலும் படமாகவே அனுப்புகிறது. 2012-ல் ஆர்டிபி 8, டிசிபியோடு யுடிபி என்ற இன்னொரு அனுப்பும் முறையைச் சேர்த்ததுதான் பெரிய மாற்றம், ஏனென்றால் டிசிபியில் ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) தொலைந்தால் பின்னால் வந்ததெல்லாம் அதற்காகக் காத்து நிற்கும், யுடிபியில் அப்படி இல்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஃபயர்வாலில் ஆர்டிபியின் போர்ட்டான (வாசல் எண்) 3389-ஐ டிசிபிக்கு மட்டும் திறந்து வைத்துவிட்டு, மாதக்கணக்கில் இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். மேலே கனெக்‌ஷன் பாரில் சிக்னல் கோடு போன்ற ஐகானைத் தட்டினால் யுடிபி ஓடுகிறதா என்று அதுவே சொல்லும், யாரும் தட்டிப் பார்க்கவில்லை! (அந்த 3389-ஐ நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள், 2019-ல் ஆர்டிபியில் வெளிவந்த ப்ளூகீப் பாதுகாப்பு ஓட்டை ஞாபகம் இருக்கட்டும்.)

பிசிஓஐபி டெராடிசி என்ற கம்பெனி செய்தது, போர்ட் யுடிபி 4172. முதலில் மங்கலாகக் காட்டி, நொடிக்குள் தெளிவாக்கி, கடைசியில் ஒரு பிக்சல் விடாமல் அசலுக்குக் கொண்டுவரும். எக்ஸ்ரே, கேட் (CAD) வரைபடம் பார்ப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் பேண்ட்விட்த்தைத் தின்னும்.

2016-ல் விஎம்வேர் கொண்டுவந்த பிளாஸ்ட் எக்ஸ்ட்ரீம் திரையை எச்.264 என்ற சுருக்கிய வீடியோவாக அனுப்பும். அதைப் பிரிக்கும் சிப் பெரும்பாலான லேப்டாப்பிலும் போனிலும் ஏற்கெனவே இருப்பதால் பேட்டரி மிச்சம். வீடியோ, ஸ்க்ரோலிங் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். சிக்கல் எழுத்தில்தான்: சாதாரண எச்.264 நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைப்பதால், கறுப்பு டெர்மினலில் சிவப்பில் வரும் எர்ரர் மெசேஜ் ஓரமெல்லாம் மை கசிந்த மாதிரி தெரியும். நாள் முழுக்க புரோகிராம் எழுதுகிறவருக்கு மாலையில் கண் எரியும்.

இன்னும் இரண்டு உண்டு: சிட்ரிக்ஸ் மோசமான லைனிலும் தாக்குப்பிடிக்கும், காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பைஸை, அதை வளர்த்த ரெட் ஹேட்டே தன் லினக்ஸான ஆர்எச்இஎல் 9-ல் எடுத்துவிட்டது, புதிதாக அதில் இறங்க வேண்டாம்.

என் ஓட்டு யுடிபி திறந்த ஆர்டிபிக்கு. அந்தச் சிவப்பு எழுத்து அதிலும் கசிந்தால், குரூப் பாலிசியில் (விண்டோஸ் செட்டிங்) நிறத்தைக் குறைக்காத ஏவிசி 444 முறையை ஆன் செய்யச் சொல்லி உங்கள் அட்மினை நச்சரியுங்கள்.