விமானியின் கதையோடு வரும் ஹோவர்கிராஃப்ட் பெட்டி: மூன்று வாரம் பயன்படுத்திய பிறகு

பாரிமுனையில் ஈவ்னிங் பஜாரை ஒட்டிய சந்தில், பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் இந்தப் பெட்டியை ரூ.1,450 கொடுத்து வாங்கினேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள். படகு, இன்ஜின், அலை எல்லாம் அவர்களுக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்பே தெரியும் என்பதால், தண்ணீரிலும் தரையிலும் காற்றுமெத்தையின் மேல் ஓடும் ஹோவர்கிராஃப்ட் என்ற ஊர்தியின் மாதிரி ஒன்றை அவர்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் 20க்கு 30 சென்டிமீட்டர் அளவில் தெர்மாகோல் தளம், காற்றைக் கீழே தள்ளும் மோட்டார் விசிறி, பின்புறம் பொருத்தும் சிறிய விசிறி, சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரி, தளத்தின் அடியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் மூன்று அடிப்பாகங்கள், தமிழில் ஒரு சிறு புத்தகம் ஆகியவை இருக்கின்றன. இதுபோன்ற பெட்டிகளோடு வழக்கமாக வருவது ஒற்றைத் தாளில் அச்சிட்ட செய்முறைதான். இதில் வந்திருக்கும் புத்தகம் ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறது. பெட்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.

அவர் பெயர் சார்லஸ் ஃபிளெட்சர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்தவர். காற்றுமெத்தையின் மேல் ஓடும் ஊர்தி ஒன்றை அந்தக் காலத்திலேயே வடிவமைத்து, அதற்கு ‘கிளைட்மொபைல்’ என்று பெயர் வைத்தார். சுற்றிலும் சுவர் எழுப்பி, உள்ளே ஊதும் காற்றை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் அமைப்பு. அமெரிக்க அரசு அதை ராணுவ ரகசியமாக வைத்துக்கொண்டதால் அவரால் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. விமானம் ஓடுபாதையை நெருங்கித் தாழும்போது இறக்கைக்கும் தரைக்கும் இடையிலுள்ள காற்று அதைச் சற்றுத் தாங்கிப் பிடிப்பதை எந்த விமானியும் உணர்ந்திருப்பார். புத்தகம் அதைச் சொல்லிவிட்டு, இறக்கை அந்த உதவியைப் பெற ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஹோவர்கிராஃப்டோ நின்ற இடத்திலேயே எழும் என்று வேறுபாட்டையும் விளக்குகிறது. இந்த அனுபவம்தான் ஃபிளெட்சரைத் தூண்டியது என்று கற்பனையாக எழுதிவிடாமல் நிறுத்திக்கொண்டதற்காக எழுதியவரைப் பாராட்டுகிறேன்.

மூன்று அடிப்பாகங்களில் முதலாவது வெறும் சுவர், அதாவது ஃபிளெட்சரின் வழி. எங்கள் தெருவில் கேரம் போர்டு இல்லாத வீடு குறைவு; கேரமில் இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர்தான். ஆகவே முதல் சோதனையைப் பவுடர் போட்ட பலகையின் மேலேயே வைத்தோம். சின்ன விசிறியைப் பொருத்தாமல் எடை பார்த்தபோது ஊர்தி 360 கிராம் இருந்தது. அடிப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் என்பதால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் தாங்கும் அளவுக்குக் காற்றழுத்தம் கிடைத்தாலே அது எழுந்துவிடும். ஆறு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான் அது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுவிட்டு, “இவ்ளோதானா மிஸ்?” என்று வியந்தார்கள். பலகையில் அது ஸ்ட்ரைக்கரை விட வழுக்கலாக ஓடியது. ஆனால் ஓரம் பாக்கெட்டின் மேல் வந்ததும் காற்று அந்தக் குழி வழியாக இறங்கிப்போக, ஊர்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மெத்தை என்றால் என்ன, அது கிழிந்தால் என்ன ஆகும் என்பதை நான் வாயால் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொட்டை மாடியில் அதே சுவர் தட்டோட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டது.

இரண்டாவது அடிப்பாகத்தில் நடுவிலிருந்து காற்று வருவதில்லை. ஓரம் முழுவதும் ஓடும் மெல்லிய இடுக்கு வழியாக உட்பக்கம் சாய்ந்து இறங்குகிறது. இது கிறிஸ்டோபர் காக்கரெலின் வழி. மார்கோனி வானொலி நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் படகுத் தொழிலுக்கு வந்த இந்த ஆங்கிலேயப் பொறியாளர், ஒரு டின்னுக்குள் இன்னொரு டின்னை வைத்து, இரண்டுக்கும் இடையே காற்றை ஊதி, அது சமையலறைத் தராசை எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து பார்த்தவர். காற்றே சுவராக நிற்கும் என்று அதில் கண்டார். 1955 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடைய கண்டுபிடிப்பையும் பிரிட்டிஷ் அரசு சில காலம் ரகசியப் பட்டியலில் வைத்தது. ஆனால் விண்ணப்பம் அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. 1959 ஜூலை 25 அன்று எஸ்ஆர்.என்1 என்ற ஊர்தி பிரான்ஸின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, பீட்டர் லாம்ப் அதை ஓட்ட, காக்கரெலும் அதில் இருந்தார். பிரெஞ்சு விமானி பிளேரியோ விமானத்தில் அதே கால்வாயைக் கடந்து அன்றோடு சரியாக 50 ஆண்டுகள்.

புத்தகத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. காக்கரெலுக்கு அதில் கிடைத்திருப்பது ஒரே வரி. ஃபிளெட்சர்தான் ஹோவர்கிராஃப்டை முழுமையாகக் கண்டுபிடித்தவர் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். மறைக்கப்பட்ட ஒருவருக்கு நியாயம் செய்யும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் உழைத்த இன்னொருவரைச் சுருக்கித்தான் அதைச் செய்ய வேண்டுமா? பெட்டியிலுள்ள அடிப்பாகங்களே அந்த அட்டை வாக்கியத்தை மறுக்கின்றன. தட்டோட்டு மாடியில் சுவர் நின்றுபோன இடத்தைக் காற்றுத்திரை தாண்டியது, சத்தம் கூடுதலாக இருந்தாலும், பேட்டரி விரைவில் தீர்ந்தாலும்.

மூன்றாவது, இளகிய ஓரம். புத்தகம் அதைப் ‘பாவாடை’ என்றே அழைக்கிறது, பொருத்தமான சொல். லாட்டிமர்-நீதம் என்ற பிரிட்டிஷ் விமானப் பொறியாளரின் யோசனை அது. மேடு வந்தால் பாவாடை மடங்கி வழிவிடும், தளம் உயரத்திலேயே நிற்கும். பெட்டியில் தந்திருக்கும் பாவாடையோ மெல்லிய பாலிதீன், பசையும் மட்டம். இரண்டாம் நாளே பிரிந்துவிட்டது. சைக்கிள் பஞ்சர் கடையில் ரப்பர் சொல்யூஷன் வாங்கி ஒட்டினோம். அதன்பின் பாலிதீனே கிழிந்தது. கடைசியில் ஒரு பழைய குடைத்துணியை வெட்டித் தைத்து மாட்டினோம். அது காற்றையும் பிடித்தது, தரையில் உரசியும் கிழியவில்லை. இந்த விலைக்கு அந்தத் துணியைத் தயாரிப்பாளரே தந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் முகத்துவாரத்துக்கு அதை எடுத்துச் சென்றோம். தண்ணீர் வற்றியிருந்த நேரம், கரையோரம் முழங்கால் புதையும் சேறு. “இதுல போட்டும் போகாது, நடக்கவும் முடியாது மிஸ். எங்க அப்பா தண்ணி ஏறுற வரைக்கும் உக்காந்துட்டுதான் இருப்பாரு” என்றான் அந்தப் பக்கத்துப் பையன் ஒருவன். குடைத்துணிப் பாவாடையோடு ஊர்தி அந்தச் சேற்றின் மேல் மூன்று மீட்டர் போய்விட்டு நின்றது. மேல் விசிறிக்கு மூடி இல்லாததால், சிதறிய உப்புநீர் மோட்டாருக்குள் புகுந்துவிட்டது. நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்திய பிறகும் அது முன்போல் சுற்றவில்லை. தண்ணீரில் ஓடும் என்று பெட்டியில் படம் போட்டு விற்பவர்கள், ஒரு பிளாஸ்டிக் மூடியையும் சேர்த்துத் தரவேண்டியது கட்டாயம். மாற்று மோட்டாருக்குக் கடையில் ரூ.180 வாங்கினார்கள், தடையில்லாமல் கிடைத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆழம் குறைந்த பாக் நீரிணைப் பகுதியில் நமது கடலோரக் காவல்படை ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரிலிருந்து ஹோவர்கிராஃப்டுகளை இயக்குகிறது. எண்ணூர்ச் சேற்றில் நின்றபடி இதைச் சொன்னபோது பிள்ளைகள் ஓட்டுவதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். தமிழ்ப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

திரும்பி வரும் வழியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ரகசியம்னு பூட்டி வெச்சா அவரு யார்கிட்டயும் சொல்லவே முடியாதா மிஸ்? செஞ்சவருக்கே சொல்ல உரிமை இல்லையா?” என்று கேட்டாள். புத்தகத்தில் ஃபிளெட்சரின் பக்கங்களை அவள் மூன்று முறை படித்திருந்தாள். இரண்டாம் பதிப்பில் அட்டை வாக்கியத்தைத் திருத்தி, காக்கரெலுக்கும் லாட்டிமர்-நீதமுக்கும் தலா இரண்டு பக்கம் கொடுத்து, பாவாடைக்கு நல்ல துணியும் விசிறிக்கு மூடியும் தந்தால், இதே விலையில் இன்னும் மூன்று பெட்டிகள் வாங்க நான் தயார். இப்போதைக்கு, குடைத்துணியும் ரப்பர் சொல்யூஷனும் கைவசம் வைத்துக்கொண்டு வாங்குங்கள். உப்புத்தண்ணீர்ப் பக்கம் மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள்.