ஏற்காட்டு டவர் உச்சியில் எல்இடி ஏவியேஷன் லாம்ப்: சில வருடம் ஓட்டிப் பார்த்தபின்

சேர்வராயன் மலையில், காபி எஸ்டேட்டுகளுக்கு நடுவே நிற்கும் 40 மீட்டர் செல்போன் டவர் ஒன்று எங்கள் பராமரிப்பில் இருக்கிறது. அதன் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கை, தொழிலில் ஏவியேஷன் லாம்ப் என்போம், பழைய குண்டு பல்பிலிருந்து எல்இடிக்கு மாற்றிச் சில வருடம் ஆகிறது. மலைப்பகுதியில் வாங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எந்த வகை வாங்குவது என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். உலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப் புத்தகத்தில் 14ஆம் இணைப்பு ஓடுபாதை விளக்குகளோடு நிற்பதில்லை. விமானத்துக்குத் தடையாக நிற்கும் உயரங்களுக்கும் அளவு சொல்கிறது. சுற்றியுள்ள தரையிலிருந்து 45 மீட்டருக்குக் குறைவு என்றால் குறைந்த ஒளி விளக்கு போதும்: ஏ வகைக்கு 10 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளியின் அளவு), பி வகைக்கு 32. எங்கள் டவருக்கு அதுவே போதும்தான். ஆனால் அது போதாத இடத்தில் நடுத்தர ஒளிக்குப் போகலாம் என்றும் அதே விதி சொல்கிறது. சேலத்தின் கமலாபுரம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். பைலட்டுக்கு முன்னால் நிற்பது வெறும் 40 மீட்டர் இரும்பு இல்லையே, அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் மலையும் சேர்த்துத்தான். அதனால் நடுத்தர பி வகை எடுத்தோம்: 2,000 கேண்டெலா, நிமிடத்துக்கு 20 முதல் 60 முறை மின்னும் சிவப்பு. 2023 அக்டோபரில் சேலத்துக்கு மறுபடி விமானம் வர ஆரம்பித்தபோது, நல்லவேளை என்றிருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்பு மாற்ற அடிக்கடி ஆள் ஏற்றுவது நின்றது. மழையில் வழுக்கும் ஏணியில் ஒருவரை ஏற்றிவிட்டுக் கீழே நிற்கும் வயிற்றுக் கலக்கம் இப்போது அபூர்வம். எனக்கு அதுவே கொடுத்த காசுக்குப் போதும். நிறமும் அப்படியே இருக்கிறது. பழையதில் வெள்ளை பல்புக்கு மேல் சிவப்பு மூடி. வெயிலில் மூடி வெளுத்து ஆரஞ்சாகிவிடும். இதில் ஒளி தரும் சில்லே சிவப்பு, மூடி நிறமில்லாதது. வெளுக்க ஒன்றுமில்லை.

தொல்லை கொடுத்தது பனி. சேலத்தில் வாங்கிச் சேலத்தில் மாட்டினால் இந்தப் பாடு தெரியாது. பகலில் வெயில் பட்டுச் சூடாகி, சாயங்காலம் மூடுபனியில் சட்டென்று குளிரும்போது விளக்கின் கூடு மூச்சு இழுக்கிறது. விளக்கின் மேல் போட்டிருக்கும் ஐபி65 என்பது வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீரைத் தாங்குவதற்கான சோதனை. தினமும் உள்ளே உறிஞ்சப்படும் ஈரம் அதில் வராது. முதலில் போட்ட எல்இடி விளக்கைக் கழற்றியபோது மூடியின் உள்விளிம்பில் காய்ந்த நீரின் பழுப்பு வளையம், நசுங்கித் தட்டையான ரப்பர் கேஸ்கட், கேபிள் நுழையும் கிளாண்டுக்குள் எறும்புக் கூடு. இப்போது இருப்பதில் காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சிறிய பிரீதர் இருக்கிறது. கேபிளையும் கிளாண்டுக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினோம். அதோடு ஈரம் அடங்கியது.

அப்புறம் இடி. காபி பூக்க எஸ்டேட்காரர்கள் எதிர்பார்க்கும் மார்ச், ஏப்ரல் மழை இங்கே இடியோடுதான் வரும். பழைய பல்பு அதையெல்லாம் கண்டுகொள்ளாது. எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் செத்துவிடும். திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தாங்கும் சர்ஜ் தடுப்பு தனியாகப் போடுங்கள், கோடைக்கு முன் எர்த் அளவையும் பாருங்கள்.

மாட்டும்போது ரசமட்டம் வையுங்கள். நடுத்தர பி வகைக்குக் கிடைமட்டத்தில் சராசரி 2,000 கேண்டெலா வேண்டும். ஒரு டிகிரி கீழே 750 இருந்தாலே போதும் என்கிறது விதி. ஒளிக்கற்றை அவ்வளவு மெல்லியது. உச்சிக் கம்பி கொஞ்சம் சாய்ந்திருந்தால், நல்ல விளக்கும் ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் மிளகுக் கொடியையும் பார்க்கும். பத்து டிகிரி கீழே 75 கேண்டெலாவுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்றும் அதே விதி சொல்கிறது. கீழே எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் தூங்குகிறவர்களுக்கு அது புண்ணியம்.

எனக்குப் பிடிக்காதது இது: எல்இடி முழுதாகச் சாவதில்லை. ஒருமுறை மேலே போன பையன் கத்தினான், "அண்ணா, எரியுதுங்க, ஆனா ஒரு பக்கம் முழுக்க இருட்டா இருக்குதுங்க." எந்தக் கோளாறு அலாரமும் வரவில்லை. சாலையிலிருந்து பார்த்தால் சிவப்பு தெரிகிறது, சரி என்று போய்விடுவோம். ஒரு வரிசை அணைந்தாலும் அலாரம் கொடுக்கும் விளக்காகக் கேளுங்கள்; தகவல் வந்தால்தானே விமான நிலையத்துக்குச் சொல்லி பைலட்டுகளுக்கு நோட்டாம் என்ற எச்சரிக்கை அறிவிப்பு போக வைக்க முடியும்? இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடி போட்ட ஹெலிகாப்டர் பைலட்டுக்குச் சாதாரண சிவப்பு எல்இடி தெரியாமல் போகலாம் என்பதால், அகச்சிவப்பு சில்லும் சேர்ந்த மாடல்கள் வருகின்றன. விலை கட்டுப்படியானால் அதையே எடுக்கலாம்.

விற்பவர்கள் வாட்டைத்தான் சொல்வார்கள். கேண்டெலா எத்தனை, எந்தக் கோணத்தில் என்று போட்ட சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஒருவரிடம் நான் கேட்டதற்கு, 'ஐகாவோ தரம்' என்று ஒட்டிய ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அங்கே வாங்கவில்லை.